அம்மாவின் மூட்டு அறுவை சிகிச்சையும் மருத்துவமனைக் கிருமிகளும்: ஒரு வாசகிக்குப் பதில்

டெல்டா மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து 41 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன். 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையின் உச்சத்தில், அவருடைய அப்பாவை ஒரு தனியார் மருத்துவமனை ஐ.சி.யு.வில் சேர்த்தார்கள். வென்டிலேட்டர் வைத்தார்கள். பன்னிரண்டாம் நாள் "நுரையீரல் தேறி வருகிறது" என்று சொன்னவர்கள், அடுத்த சில நாட்களில் "ரத்தத்தில் கிருமி ஏறிவிட்டது" என்றார்கள். மறுநாள் அவர் இறந்துவிட்டார். கையில் கொடுத்த தாளில் 'க்ளெப்சியெல்லா' என்று எழுதியிருந்தது. அதன் பொருளை யாரும் விளக்கவில்லை.

இப்போது அம்மாவுக்கு 66 வயது. பதினான்கு வருடமாகச் சர்க்கரை நோய். முழங்கால் இரண்டும் தேய்ந்து, கழிவறைக்குப் போகவே ஆள் துணை வேண்டியிருக்கிறது. மூட்டு மாற்று செய்யச் சொல்கிறார்கள். "எந்த ஆஸ்பத்திரி வாசலையும் மிதிக்கப் பயமாக இருக்கிறது" என்று எழுதுகிறார் வாசகி. அண்ணன் சென்னையில் பெரிய மருத்துவமனைதான் பாதுகாப்பு என்கிறார். தாய்மாமா, ஊரிலேயே இருக்கும் 40 படுக்கை மருத்துவமனையில் நல்ல எலும்பு டாக்டர் இருக்கிறார் என்கிறார். வாசகியின் கேள்விகள் நான்கு: அப்பாவைக் கொன்றது மருத்துவமனைதானா? எந்த மருத்துவமனைக்குப் போவது? முன்கூட்டியே "பவரான" ஆன்டிபயாட்டிக் போடச் சொல்லிக் கேட்கலாமா? ஏ.சி. தனி அறை, ஒரு பெட்டி கையுறை, கிருமிநாசினி ஸ்பிரே இவையெல்லாம் போதுமா?

அன்புள்ள வாசகிக்கு,

முதல் கேள்வியைத் தள்ளிப்போட்டுவிட்டு மற்றதைப் பேசினால் உங்கள் மனம் அதில் நிற்காது. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அப்பாவுக்கு என்ன நடந்திருக்கும்

க்ளெப்சியெல்லா நம் குடலில் வாழும் பாக்டீரியா. ஐ.சி.யு.க்களில் தங்கிப் பழகிய வகைகள் பல மருந்துகளுக்கு அடங்குவதில்லை. இந்தியாவின் பெரிய மருத்துவமனைகளில் எடுக்கப்படும் க்ளெப்சியெல்லா மாதிரிகளில் பாதிக்கு மேல், கடைசி வரிசை மருந்துகளில் ஒன்றான மெரோபெனெமுக்குக்கூடக் கட்டுப்படுவதில்லை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) கண்காணிப்பு காட்டியிருக்கிறது. மருத்துவமனையில் சேர்ந்து 48 மணி நேரத்துக்குப் பிறகு தலைகாட்டும் தொற்றை, அங்கே வந்த தொற்று என்றே கணக்கில் வைப்போம். பன்னிரண்டு நாள் தாண்டி வந்தது அப்படித்தான் இருக்க வேண்டும்.

தோலும் தொண்டையும் நம் உடலின் மதில். வென்டிலேட்டர் குழாய், கழுத்துப் பெரிய ரத்தக்குழாயில் போடும் சென்ட்ரல் லைன், சிறுநீர்க் குழாய் மூன்றும் அந்த மதிலைத் தாண்டி உள்ளே போகின்றன. ஒவ்வொரு நாளும் அவை இருக்க இருக்க அபாயம் ஏறும். கொரோனாவுக்குக் கொடுத்த ஸ்டீராய்டு உயிர் காத்த மருந்து. ஆனால் எதிர்ப்புச் சக்தியைத் தணித்து, சர்க்கரையையும் ஏற்றிவிடும்.

இதோடு அந்த மாதங்களுக்கே உரிய ஒரு சிக்கல். முழு பாதுகாப்பு உடை அணிந்தவர், ஒரு படுக்கையிலிருந்து அடுத்த படுக்கைக்கு அதே உடையோடும் பல நேரம் அதே மேல் கையுறையோடும் போனார். அந்த உடை பணியாளரை வைரஸிலிருந்து காத்தது. ஆனால் கையுறையைக் கழற்றி, கையைத் தேய்த்து, புதியது போட்டுக்கொண்டு அடுத்தவரைத் தொடுவது என்ற பழைய ஒழுங்கு உடைந்தது. வழக்கமாக ஓரிருவரைப் பார்க்கும் ஐ.சி.யு. நர்ஸ் பலரைப் பார்க்க வேண்டியிருந்தது. குப்புறப் படுக்க வைத்த நோயாளியின் கழுத்துக் கட்டு ஈரமாகிக் கிடந்தாலும் கண்ணில் படாது. வசதி மிகுந்த நாடுகளும் தப்பவில்லை. அமெரிக்காவில் 2019-ஐ விட 2020-இல் சென்ட்ரல் லைன் வழி ரத்தத் தொற்று 24 சதவீதம் கூடியது என்று அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் கணக்கிட்டது.

ஆகவே கிருமி அங்கே வந்திருக்க வாய்ப்பு மிக அதிகம். அலட்சியத்தால் வந்ததா என்பதை ஒரு தாளில் உள்ள ஒரு சொல்லை வைத்துச் சொல்ல முடியாது. லைன் எப்போது போட்டார்கள், எப்போது மாற்றினார்கள், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு எப்போது அனுப்பினார்கள் என்ற பதிவுகள் வேண்டும். மருத்துவர்களுக்கான 2002 நடத்தை விதிகளின்படி உள்நோயாளிப் பதிவுகளை மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். அந்தக் காலம் கடந்துவிட்டது. நுகர்வோர் ஆணையத்தில் புகாருக்கான கெடு இரண்டு ஆண்டு. கொரோனாவுக்காக 28.02.2022 வரையான காலத்தை உச்ச நீதிமன்றம் கழித்துக் கொடுத்ததைச் சேர்த்தாலும் கெடு முடிந்திருக்கிறது. தாமதத்துக்குத் தகுந்த காரணம் காட்ட முடியுமா என்பதை ஒரு வழக்கறிஞரிடம் கேளுங்கள். ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்வேன்: ஆக்ஸிஜன் இறங்கிக்கொண்டிருந்தவரை வீட்டில் வைத்திருந்தால் அந்தப் பன்னிரண்டு நாட்களும் கிடைத்திருக்காது. சேர்த்தது உங்கள் தவறில்லை.

அம்மாவின் நிலைமை வேறு

அப்பாவுக்கு நடந்ததை அப்படியே அம்மாவின் மேல் ஏற்றிப் பார்க்கிறீர்கள். இது நாள் குறித்துச் செய்யும் அறுவை சிகிச்சை. வென்டிலேட்டரில் நாட்கணக்காக இருக்கப் போவதில்லை. பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்வார்கள். கழுத்தில் லைன் பொதுவாகத் தேவைப்படாது. மூட்டு மாற்றில் ஆழமான தொற்று வருவது நூற்றுக்கு ஒன்று, இரண்டு பேருக்கு. சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் அது கூடும். வந்துவிட்டால் லேசில் தீராது: உலோகத்தின் மேல் கிருமி படலமாக ஒட்டிக்கொண்டால் மருந்து எட்டாது. மூட்டைத் திறந்து கழுவ வேண்டியிருக்கும். சிலருக்கு மூட்டையே எடுத்துவிட்டு, சில வாரம் கழித்து வேறு வைக்க வேண்டியிருக்கும்.

இன்னொரு பக்கம், செய்யாமல் விடுவதும் இலவசமில்லை. நடக்க முடியாத சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை ஏறும், எடை ஏறும், கழிவறையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் அவசர அறுவை சிகிச்சை. அதற்குத் தயாராக நாள் கிடைக்காது. உங்களுக்கு இப்போது நாள் இருக்கிறது. மூன்று மாத சராசரியைக் காட்டும் ஹெச்.பி.ஏ.1.சி. பரிசோதனையை இன்றே எடுங்கள். 8-க்கு மேல் இருந்தால் நாளைத் தள்ளிவைத்து முதலில் அதை இறக்குங்கள். பல எலும்பு டாக்டர்கள் 7.5-க்குக் கீழே வரட்டும் என்பார்கள். சொத்தைப் பல், பாத வெடிப்பு, கால்விரல் இடுக்குச் சேற்றுப்புண் இருந்தால் ஆறிய பிறகே தேதி. முழங்காலுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் மூன்று மாதம் இடைவெளி விடுங்கள். வலி தாங்காமல் போட்டுக்கொண்டதை அம்மா டாக்டரிடம் சொல்ல மறந்திருப்பார், நீங்கள் ஞாபகமாகச் சொல்லுங்கள். இரண்டு முழங்காலையும் ஒரே நாளில் செய்யலாமா என்பதை இதயப் பரிசோதனைகளைப் பார்த்தபின் மயக்க மருத்துவரிடம் தனியாகக் கேளுங்கள்.

சிறுநீர்ப் பரிசோதனையில் கிருமி வளர்ந்திருக்கிறது என்று மட்டும் வந்து, எரிச்சலோ காய்ச்சலோ இல்லாவிட்டால் அதற்கு மருந்து தேவையில்லை. அதை "சுத்தம் செய்து" அனுப்புவது மூட்டுத் தொற்றைக் குறைப்பதில்லை. அடங்காத கிருமிகளைத்தான் வளர்க்கும். இன்றும் பல இடங்களில் ஐந்து நாள் மாத்திரை எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள்.

எந்த மருத்துவமனை

பெரியது என்றால் பாதுகாப்பு என்ற அண்ணன் கணக்கில் ஓட்டை இருக்கிறது. பெரிய மருத்துவமனையில் தொற்றுத் தடுப்புக்கென்றே நர்ஸும் குழுவும், எத்தனை பேருக்குத் தொற்று வந்தது என்ற கணக்கும் இருக்கும். அதே சமயம் பல ஊர்களிலிருந்து கடைசி நிலையில் வரும் நோயாளிகளும், மருந்துக்கு அடங்காத கிருமிகளும் அங்கேதான் சேரும். மாமா சொல்லும் நல்ல டாக்டர் பாதி விடைதான். டாக்டர் தைப்பது ஒரு மணி நேரம். அதற்கு முன்னால் கருவிகளைக் கழுவியவர் யார் என்பதுதான் எனக்கு வரும் கேள்வி.

சிறிய ஊர்களில் மூட்டு மாற்று எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். உள்ளே வைக்கும் செயற்கை மூட்டு, தொழிற்சாலையிலேயே கிருமி நீக்கி முத்திரையிட்ட உறையில் வரும். அதைப் பொருத்தும் துளைப்பான், அளவுத் தட்டு, வெட்டு வழிகாட்டி எல்லாம் அடுக்கடுக்கான பெட்டிகளில் விற்பனை நிறுவனத்திலிருந்து வரும். வார்டில் இதை "கம்பெனி செட்" என்பார்கள். நேற்று வேறு ஊரில் வேறு ஒருவருக்குப் பயன்பட்ட செட்டாக இருக்கலாம். அது அறுவை சிகிச்சை நாளன்று காலையில் வந்து இறங்கினால், கழுவாமலோ அரைகுறையாகக் கழுவியோ ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் கருவி) போடும் அவசரம் வரும். ரத்தமும் எலும்புத் தூளும் ஒட்டிய கருவியை எத்தனை டிகிரியில் வேகவைத்தாலும் உள்ளே கிருமி மிஞ்சலாம். முதல் நாளே வந்து, பிரித்து, பிரஷ் போட்டுக் கழுவி, காய்ந்து, பொட்டலமிட்டு, 121 டிகிரியில் 15 நிமிடமோ 134 டிகிரியில் 3 நிமிடமோ முழுமையாக நிற்க வேண்டும். அதன் பிறகு உலரவும் வேண்டும். ஈரமாக வெளியே வந்த பொட்டலத்தைக் கிருமி நீங்கியதாகக் கொள்ளக் கூடாது. மேலே ஒட்டும் கோடு போட்ட டேப் கறுப்பாவது, அந்தப் பொட்டலம் சூட்டுக்குள் போய்வந்தது என்பதற்கு மட்டுமே சாட்சி. உண்மையில் கிருமி செத்ததா என்று காட்டுவது, உயிருள்ள ஸ்போர் (எளிதில் சாகாத, விதை போன்ற பாக்டீரியா வடிவம்) வைத்துச் செய்யும் பயாலஜிக்கல் இண்டிகேட்டர் சோதனை. வாரம் ஒரு முறையாவது அதைச் செய்து பதிவு வைத்திருக்க வேண்டும்.

ஆகவே இரண்டு இடத்திலும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள். மாதம் எத்தனை முழங்கால் மாற்றுகிறீர்கள்? போன வருடம் எத்தனை பேருக்குத் தொற்று வந்தது? செட் முதல் நாளே வந்துவிடுமா? ஸ்போர் சோதனைப் பதிவு இருக்கிறதா? தொற்றுத் தடுப்பு நர்ஸ் யார்? "எங்களிடம் தொற்றே கிடையாது" என்று பதில் வந்தால் எச்சரிக்கையாக இருங்கள். கணக்கே எடுக்காத இடத்தில்தான் தொற்று பூஜ்யமாக இருக்கும். "லேமினார் ஓ.டி. இருக்கிறது" (வடிகட்டிய காற்று ஒரே சீராக வீசும் அறுவை அரங்கு) என்ற விளம்பரத்துக்கு அதிகம் மதிப்புப் போட வேண்டாம். அந்தக் காற்றோட்ட அமைப்பு மூட்டு அறுவையில் தொற்றைக் குறைப்பதற்கு ஆதாரம் இல்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலே சொல்கிறது. ஓ.டி. கதவு எத்தனை முறை திறக்கிறது, உள்ளே எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பது இதைவிட முக்கியம்.

உள்ளூர் மருத்துவமனையின் பதில்கள் நேராக இருந்தால் நான் அதையே தேர்ந்தெடுப்பேன். பத்தாம் நாள் தையலிலிருந்து நீர் கசிந்தால் அம்மாவை 300 கிலோமீட்டர் காரில் உட்கார வைத்து ஓட்டிப்போக மாட்டீர்கள். பக்கத்துக் கிளினிக்கில் ஏதோ ஒரு மாத்திரை வாங்கிக் கொடுப்பீர்கள். அங்கேதான் பல மூட்டுகள் கெடுகின்றன. செட் பற்றியும் கணக்குப் பற்றியும் மழுப்பினால், தயங்காமல் சென்னையோ பக்கத்து நகரமோ போங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் இந்தச் சிகிச்சை நடக்கிறது. அங்கும் இதே கேள்விகள்தான்.

"பவரான" ஆன்டிபயாட்டிக்

இதில் உங்கள் எண்ணத்தைத் திருத்தியாக வேண்டும். வேலை செய்வது மருந்தின் பவரைவிட அது போடப்படும் நேரம். செஃபசோலின் என்ற எளிய, பழைய மருந்து, 2 கிராம், தோலைக் கீறுவதற்கு முன் 60 நிமிடத்துக்குள் ரத்தக்குழாயில் போயிருக்க வேண்டும். செஃபுராக்ஸிம் போடும் மருத்துவமனைகளும் உண்டு. தொடையில் டூர்னிகே என்ற பட்டையை இறுக்கும் முன்பே மருந்து முழுவதும் போய்ச் சேர வேண்டும். இறுக்கிய பிறகு போட்டால் முழங்காலுக்கு அது எட்டாது. அறுவை நான்கு மணி நேரத்தைத் தாண்டினால் இன்னொரு டோஸ். 24 மணி நேரத்துக்கு மேல் தேவையில்லை. ஐந்து நாள் ஊசி, பத்து நாள் மாத்திரை என்று நீட்டுவதால் தொற்று குறையாது. வயிற்றுப்போக்கும் அடங்காத கிருமியும் கூடும். பென்சிலின் அலர்ஜி என்று யாராவது எப்போதோ சொல்லியிருந்தால், என்ன நடந்தது என்று விவரமாகச் சொல்லுங்கள். பாதிப் பேருக்கு மேல் அது அலர்ஜியே இல்லை. அந்தச் சொல்லால் நல்ல மருந்தை இழந்துவிடுகிறார்கள்.

முந்தின இரவும் அன்று காலையும் சோப்புப் போட்டுக் குளியல். மூக்கில் ஸ்டாஃபிலோகாக்கஸ் என்ற பாக்டீரியா இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் முபிரோசின் களிம்பை ஐந்து நாள், தினம் இரண்டு வேளை போடுவது மூட்டு அறுவையில் பயன் தரும், கேட்டுப் பாருங்கள். காலில் முடி மழிக்க வீட்டிலிருந்து பிளேடு கொண்டு போகாதீர்கள். பிளேடு விடும் கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் கிருமி பெருகும். தேவைப்பட்டால் அங்கேயே கிளிப்பரால் எடுக்கட்டும்.

கையுறை, ஏ.சி., ஸ்பிரே

ஸ்பிரேயை விட்டுவிடுங்கள். 2020 ஏப்ரலில் திருப்பூரில் சந்தை வாசலில் கிருமிநாசினிச் சுரங்கம் வைத்தது நினைவிருக்கும். ஆள் மேல் தெளிப்பதால் பயனில்லை, கண்ணுக்கும் நுரையீரலுக்கும் கேடு என்று பிறகு அரசே நிறுத்தச் சொன்னது. அறைக்குப் புகை போடுவதும் அந்த ரகம்தான். துணியால் அழுத்தித் துடைக்காத தரையைப் புகை சுத்தம் செய்யாது.

தனி அறை நல்லது. ஏ.சி. அப்படியல்ல. சுவரில் மாட்டிய ஸ்ப்ளிட் ஏ.சி. வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை; உள்ளே உள்ள காற்றையே சுற்றிக் குளிரவைக்கிறது. இருமலோடு வந்த உறவினர் போன பிறகும் அவர் விட்டுப்போனது அறையில் நிற்கும். ஜன்னல் உள்ள அறை கேளுங்கள், அவ்வப்போது திறந்து வையுங்கள். சளி, காய்ச்சல் உள்ளவர் வரவே வேண்டாம். வந்தே தீருவேன் என்பவருக்கு மாஸ்க்.

கையுறைப் பெட்டியை வாங்க வேண்டாம். கையுறை போட்டவர் தன் கை சுத்தம் என்று நம்பி, கதவு, செல்போன், படுக்கைக் கம்பி எல்லாவற்றையும் தொட்டுவிட்டு அம்மாவின் கட்டையும் தொடுவார். அதற்குப் பதில் 70 சதவீத ஆல்கஹால் ஹேண்ட் ரப் ஒன்று படுக்கைக் காலருகே இருக்கட்டும். சுமார் 3 மி.லி., விரல் நுனி, கட்டைவிரல், விரலிடுக்கு எல்லாம் நனைய, 20 முதல் 30 நொடி தேய்க்க வேண்டும். அழுக்கு தெரிந்தாலோ அம்மாவுக்கு வயிற்றுப்போக்கு இருந்தாலோ சோப்பும் தண்ணீரும்தான், 40 முதல் 60 நொடி. வயிற்றுப்போக்குக் கிருமி சிலவற்றின் ஸ்போருக்கு ஆல்கஹால் எட்டாது.

வார்டில் நீங்கள் கவனிக்க வேண்டியவை

சிறுநீர்க் குழாய்: போட்டிருந்தால் மறுநாள் காலையில் "சிஸ்டர், இது இன்னும் வேணுமா?" என்று கேளுங்கள். பொதுவாக 24 மணி நேரத்துக்குள் எடுத்துவிடலாம். பை எப்போதும் சிறுநீர்ப்பைக்குக் கீழே, ஆனால் தரையில் படாமல் தொங்க வேண்டும். எக்ஸ்ரேவுக்குத் தள்ளிப்போகும்போது பையைத் தூக்கி வயிற்றின் மேல் வைப்பார்கள். சிறுநீர் திரும்பி உள்ளே போகும். தடுத்துவிடுங்கள்.

வென்ஃப்ளான் (மருந்து ஏற்றக் கையின் ரத்தக்குழாயில் போடும் சிறு குழாய்): வலி, சிவப்பு, வீக்கம், கசிவு இருந்தால் உடனே சொல்லுங்கள். ஊசி போகும் மூடியை ஒவ்வொரு முறையும் ஸ்பிரிட் பஞ்சால் 15 நொடி தேய்த்துக் காயவிட வேண்டும். மருந்து எதுவும் போகாத வென்ஃப்ளான் "எதற்கும் இருக்கட்டும்" என்று கையில் இருக்கக் கூடாது.

சர்க்கரை: அறுவை நாளிலும் அடுத்த நாட்களிலும் 180-ஐத் தாண்டாமல் இருந்தால் நல்லது. வீட்டிலிருந்து ஜூஸ், பலகாரம் வருவதை நிறுத்துவது உங்கள் பொறுப்பு.

"கை தேய்த்தீர்களா?" என்று டாக்டரிடம் எப்படிக் கேட்பது என்று தயங்குவீர்கள். அவர் வரும்போது ஹேண்ட் ரப்பை எடுத்து முதலில் நீங்கள் தேய்த்துக்கொண்டு, பாட்டிலை அவர் பக்கம் நீட்டுங்கள். வாய் திறக்கத் தேவையில்லை.

கிளம்பும்போது டிஸ்சார்ஜ் சம்மரியோடு நின்றுவிடாதீர்கள். முழுக் கேஸ் ஷீட்டின் நகலை எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். வைத்த மூட்டின் ஸ்டிக்கர் அதில் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

கட்டு நனையக் கூடாது. மஞ்சள், தேங்காய் எண்ணெய், பவுடர் எதுவும் தையல் மேல் வேண்டாம். முழங்காலில் வீக்கமும் லேசான சூடும் சில வாரம் இருக்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஐந்தாறு நாளுக்குப் பிறகும் கசிவு நிற்காமலிருப்பது, குறைந்த வலி மறுபடி ஏறுவது, சிவப்பு பரவுவது, குளிர்காய்ச்சல் ஆகியவை இருந்தால் அறுவை செய்தவரிடமே அன்றைக்கே காட்டுங்கள். அதற்கு முன் யார் சொல்லியும் ஒரு வேளை ஆன்டிபயாட்டிக்கூடக் கொடுக்காதீர்கள். மூட்டிலிருந்து நீர் எடுத்துக் கல்ச்சர் பார்க்கும் முன் மருந்து போய்விட்டால் கிருமி வளராது. எந்த மருந்துக்கு அடங்கும் என்று தெரியாமல் இருட்டில் சிகிச்சை செய்ய நேரும். 'செட்யூல் ஹெச்1' என்ற அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள ஆன்டிபயாட்டிக்குகளைச் சீட்டு இல்லாமல் விற்க 2014 முதல் தடை இருக்கிறது; இருந்தும் கடையில் கிடைத்துவிடுகிறது என்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

செயற்கை மூட்டு வைத்தால் 90 நாள் வரை வரும் ஆழமான தொற்றை அறுவையோடு சேர்த்தே கணக்கிடுவோம். அதன் பிறகும், ஆண்டுகள் கழித்தும், காலில் ஒரு புண்ணோ வேறெங்கோ இருக்கும் சீழோ ரத்தம் வழியாக மூட்டுக்குப் போய்ச் சேரலாம். நன்றாக நடந்துகொண்டிருந்த முழங்கால் திடீரென்று வீங்கி வலித்தால் "வாயு" என்று தைலம் தடவிக் காத்திருக்காமல், அந்த ஸ்டிக்கர் ஒட்டிய நகலை எடுத்துக்கொண்டு அதே டாக்டரிடம் போங்கள்.